காடு இருக்கிறது, மீன்கொத்தி இல்லை

எங்கள் தெருவில் குளம் கிடையாது, வாய்க்கால் கிடையாது. இருக்கிற ஒரே சாக்கடைக்கும் மூடி போட்டுவிட்டார்கள். ஆனாலும் காலையில் ஏழு மணி வாக்கில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி வந்து மின்கம்பியில் உட்காரும். தலையை ஆட்டாமல் தரையையே பார்த்துக்கொண்டிருக்கும். திடீரென்று இறங்கும், ஒரு வெட்டுக்கிளியையோ ஓணான் குட்டியையோ தூக்கிக்கொண்டு மேலே போகும், கம்பியில் இரண்டு அடி அடித்து விழுங்கும். பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் கேட்டார்: "மீனே இல்லாத ஊருல இருக்கு, இதுக்கு எவங்க மீன்கொத்தின்னு பேரு வெச்சது?"

நியாயமான கேள்விதான். உலகத்தில் ஏறக்குறைய 120 மீன்கொத்தி இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை மீனை மட்டும் நம்பிப் பிழைப்பவை அல்ல. வெப்பமண்டலக் காடுகளுக்குள் தண்ணீரே பார்க்காமல் பூச்சி, பல்லி, அரணை என்று தின்று வாழ்பவை ஏராளம். "மர மீன்கொத்திகள்" என்று ஒரு பெரிய பிரிவே உண்டு. நம்ம மின்கம்பிப் பறவை அதைச் சேர்ந்ததுதான். ஆஸ்திரேலியாவின் கூக்கபராவும் அதே வீடுதான்.

அக்காவுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டுமே என்று இந்தப் பிரிவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். படித்துக்கொண்டே போனவன் ஒரு பறவையில் வந்து நின்றுவிட்டேன். அதன் பெயர் சிஹெக். குவாம் தீவின் மீன்கொத்தி. "வாழிடம்" என்ற சொல்லை நான் இத்தனை நாள் எவ்வளவு மேலோட்டமாகப் புரிந்துவைத்திருந்தேன் என்று காட்டியது அதுதான். அந்தக் குறிப்புகள்தான் இவை.

சிஹெக் என்கிற பறவை

குவாம், மேற்குப் பசிபிக்கில் மரியானா தீவுகளின் தென்கோடியில் இருக்கிறது. பரப்பளவு சுமார் 540 சதுர கிலோமீட்டர். 1898-லிருந்து அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கிறது. நடுவே 1941 முதல் 1944 வரை ஜப்பான் பிடித்துவைத்திருந்தது. தீவின் பூர்வகுடிகள் சமோரோ மக்கள். சிஹெக் என்பது அவர்கள் வைத்த பெயர்.

பறவை சுமார் 20 சென்டிமீட்டர் நீளம். மைனாவைவிடச் சற்றுச் சின்னது. தலை இலவங்கப்பட்டை நிறம், கண்ணிலிருந்து பிடரிக்கு ஒரு கருங்கோடு, முதுகும் இறக்கையும் நீலம். ஆணுக்கு வயிறும் இலவங்கப்பட்டை நிறம்தான், பெண்ணுக்கு வயிறு வெள்ளை. உலகத்தில் குவாம் தவிர வேறெங்கும் இது இருந்ததில்லை.

வேட்டை அப்படியே நம்ம ஊர்ப் பறவை மாதிரிதான். தாழ்வான கிளையில் அசையாமல் உட்கார்ந்து, தரையில் ஓடும் அரணை, பல்லி, வெட்டுக்கிளி இவற்றைப் பாய்ந்து பிடிக்கும். குவாமின் வடபகுதி ஒரு சுண்ணாம்புப் பாறை மேட்டுநிலம். ஓடும் ஆறு அங்கே கிடையாது, பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடும். அந்தப் பாறை மேல் வளர்ந்த காடுதான் சிஹெக்கின் முக்கியமான வீடு. தண்ணீருக்கும் இந்த மீன்கொத்திக்கும் அவ்வளவுதான் உறவு!

ஆனால் ஒரு விஷயத்தில் இதற்குக் காடு கண்டிப்பாக வேண்டும். பட்டுப்போன, உளுத்துப்போன, ஆனால் இன்னும் விழாமல் நிற்கிற மரம் வேண்டும். ஆற்றங்கரை மீன்கொத்திகள் மண் கரையில் வளை தோண்டும். சிஹெக் மரத்தில் தோண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து, சற்றுத் தூரத்திலிருந்து பறந்து வந்து அலகாலேயே மரத்தில் மோதி மோதித்தான் முதல் பள்ளத்தை உண்டாக்கும். மரங்கொத்தி மாதிரி உளி அலகு இதற்கு இல்லை, அதனால் கெட்டி மரம் ஆகாது. ஆலின் உறவான அத்தி வகை மரங்கள், ஈரப்பலா, தென்னை, அப்புறம் உமுமு என்று அங்கே சொல்லும் ஒரு மரம் — இவற்றின் மக்கிய தண்டுகளில்தான் கூடுகள் கண்டார்கள்.

இந்த உமுமு எது என்று தேடினபோது எனக்கு ஆச்சரியம். நம்ம ஊரில் சில வீட்டுக் கொல்லைகளில் இளம் மஞ்சள் கலந்த பச்சையில் பெரிய பெரிய இலையோடு நிற்குமே, லச்சகெட்ட கீரை மரம்? அந்த மரம்தான். கிளையை லேசாக வளைத்தாலே படக்கென்று ஒடிந்துவிடும் என்று வீட்டில் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். மனிதருக்கு அது குறை. சிஹெக்குக்கு அதுதான் வசதி.

சிஹெக் ஒன்று அல்லது இரண்டு முட்டை இடும், சில சமயம் மூன்று. குஞ்சு பொரிக்க மூன்று வாரம், குஞ்சு பறக்க இன்னும் ஒரு மாதத்துக்குச் சற்று மேல். மொத்தம் ஏறக்குறைய எட்டு வாரம் அந்தப் பொந்துக்குள் ஏதோ ஒரு உயிர் இருந்துகொண்டே இருக்கும். பொந்துக்கு வாசல் ஒன்றே ஒன்று. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

மௌனமான காடு

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு குவாம் ஒரு பெரிய ராணுவக் கிடங்காக மாறியது. பசிபிக் முழுவதும் சிதறிக் கிடந்த போர்த் தளவாடங்கள் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்கின. 1940-களின் கடைசியிலோ 1950-களின் தொடக்கத்திலோ அந்தச் சரக்கில் ஒரு பாம்பும் வந்தது. பழுப்பு மரப்பாம்பு. நியூ கினியின் வடக்கே உள்ள மானஸ் தீவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்று மரபணு ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தப் பாம்பு நமக்கு முற்றிலும் அந்நியம் அல்ல. நம்ம ஊர்ப் பூனைப்பாம்புகளுக்கு நெருங்கிய சொந்தம். இரவில் நடமாடும், மரமேறும். பின்பல்லில் லேசான விஷம் உண்டு. முட்டை, குஞ்சு, தூங்குகிற தாய்ப்பறவை, பல்லி, எலி, எதையும் விடாது.

குவாமில் அதுவரை இருந்த ஒரே தரைப்பாம்பு, மண்புழு அளவில் இருக்கும் குருட்டுப் பாம்பு. நம்ம வீட்டுப் பூந்தொட்டியில் மண்ணைக் கிளறும்போது நெளியுமே, அதேதான். எறும்பு முட்டையும் கரையானும் தின்கிற பிராணி. அதாவது, இரவில் மரமேறி வந்து கூட்டைத் துழாவும் ஒரு எதிரியைக் குவாம் பறவைகள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்ததே இல்லை.

பறவைகள் முதலில் தீவின் தெற்கில் குறைந்தன. பிறகு நடுப்பகுதியில். கடைசியாக வடக்கில். 1981-இல் நடந்த கணக்கெடுப்பில் வடக்குக் காடுகளில் இன்னும் சுமார் 3,000 சிஹெக்குகள் இருந்தன. 1988-க்குப் பிறகு காட்டில் ஒன்றைக்கூட யாரும் பார்க்கவில்லை. மூவாயிரம், ஏழே வருஷத்தில் பூஜ்யம்.

இதைப் படித்தபோது என் முதல் கேள்வி: இத்தனை நடக்கும்வரை யாருக்கும் பாம்பு மேல் சந்தேகம் வரவில்லையா? வந்தது, ஆனால் தாமதமாக. முதலில் பூச்சிக்கொல்லி மருந்து என்று நினைத்தார்கள். போருக்குப் பின் டி.டி.டி. தாராளமாகத் தெளித்த தீவு அது. பிறகு பறவை நோய் என்று நினைத்தார்கள். ஒரு பாம்பு ஒரு தீவின் பறவைகளையே தின்று தீர்க்கும் என்பதற்கு முன்னுதாரணமே இல்லை. ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர்தான் ஒவ்வொரு காரணமாகச் சோதித்துக் கழித்தார். கூண்டுகளில் காடைகளை வைத்துக் காட்டில் தொங்கவிட்டார். பறவைகள் மறைந்துபோன இடங்களில் பெரும்பாலான காடைகளைச் சில இரவுகளுக்குள் பாம்பு தின்றுவிட்டது. பாம்பு பரவிய பாதையும் பறவைகள் மறைந்த பாதையும் வரைபடத்தில் ஒன்றாகவே நகர்ந்தன. 1987-இல் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அப்போது காடு ஏறக்குறைய காலியாகிவிட்டது.

இன்னொரு கேள்வியும் எழும். இரை தீர்ந்தால் பாம்பும் பட்டினியில் குறைய வேண்டும் அல்லவா? புலி-மான் கணக்கில் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தது அதுதானே. இங்கே அது நடக்கவில்லை. காரணம் பல்லியும் அரணையும். அவை குவாமில் ஏராளம், வேகமாகப் பெருகுபவை. பறவை குறைந்தாலும் பாம்புக்குச் சாப்பாடு குறையவில்லை. அரணை தின்று வயிற்றை நிரப்பிக்கொண்ட பாம்பு, வழியில் கடைசிப் பறவைக் கூடு கிடைத்தால் அதையும் தின்றது. சில இடங்களில் ஒரு ஹெக்டேருக்கு ஐம்பது முதல் நூறு பாம்பு வரை இருந்திருக்கின்றன. சுமார் இரண்டரை ஏக்கரில் நூறு பாம்பு. மின்கம்பங்களில் ஏறி ஏறி அவை உண்டாக்கிய மின்தடை மட்டும் இருபது ஆண்டுகளில் ஆயிரத்தைத் தாண்டியது.

இப்போது அந்த எட்டு வாரக் கணக்குக்கு வாருங்கள். ஒரே வாசல் உள்ள பொந்து. உள்ளே இரவெல்லாம் அடைகாக்கும் பறவை. வெளியே ஏக்கருக்கு இருபது, நாற்பது பாம்பு. ஐம்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் ஒன்றுகூட வந்து எட்டிப்பார்க்காமல் இருக்க வேண்டும். அது நடக்கிற காரியமா?

29 பறவைகள்

காடு காலியாகிக்கொண்டிருந்தபோது ஒரு முடிவு எடுத்தார்கள். 1984-க்கும் 1986-க்கும் இடையே 29 சிஹெக்குகளைப் பிடித்து அமெரிக்க உயிரியல் பூங்காக்களுக்கு அனுப்பினார்கள். இன்று உயிரோடு இருக்கும் ஒவ்வொரு சிஹெக்கும் அந்த 29-இன் வம்சம்தான்.

கூண்டில் வளர்ப்பதும் சுலபமாக இருக்கவில்லை. இது கூட்டமாக வாழும் பறவை இல்லை. தன் எல்லைக்குள் இன்னொன்றைச் சகிக்காது. பொருந்தாத ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டால் சண்டைதான். தோண்டுவதற்கு மெத்தென்ற மரத்தண்டு ஒன்றைக் கூண்டில் நிறுத்திவைக்க வேண்டும். இணைந்து தோண்டுவது அவற்றுக்குக் கூடு கட்டும் வேலை மட்டும் இல்லை, ஜோடி சேரும் சடங்கும் அதுதான். ஆக, கூண்டுக்குள்ளும் காட்டின் ஒரு துண்டை, ஒரு உளுத்த மரத்தை, கொண்டுவந்து வைத்த பிறகுதான் பறவை பறவையாக நடந்துகொண்டது. அப்படியும் நாற்பது வருஷத்தில் எண்ணிக்கை நூற்றுச் சொச்சத்துக்கு மேல் போகவில்லை.

இதை ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர், "நூறு பறவை பத்திரமா இருக்கே, அப்புறம் என்ன கவலை? காடும் அங்கேயேதான் இருக்கு. கொண்டுபோய் விட்டா முடிஞ்சது," என்றார்.

எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. குவாமின் வடக்குக் காட்டின் படங்களைப் பார்த்தால் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. கணிசமான பகுதி ராணுவத்தின் கட்டுப்பாட்டில் வேலிக்குள் இருக்கிறது. மரம் இருக்கிறது, பொந்து தோண்ட உளுத்த தண்டு இருக்கிறது, அரணை இருக்கிறது. வாழிடம் என்று ஒரு பட்டியல் போட்டால் எல்லாவற்றுக்கும் நேரே சரி என்று குறி போடலாம்.

ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்றை நாம் எழுதுவதே இல்லை: என்ன இல்லாமல் இருக்க வேண்டும் என்பதை. மரமேறும் பாம்பு இல்லாமல் இருந்ததும் சிஹெக்கின் வாழிடத்தில் ஒரு பகுதி. யாரும் அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் இல்லாத ஒன்றைக் கவனிப்பது எப்படி? பாம்பு வந்த பிறகு ஒரு மரத்தைக்கூட வெட்டாமலே அந்தக் காடு சிஹெக்கின் வாழிடம் என்ற தகுதியை இழந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. பறவை போனால் காடும் அப்படியே இருக்காது. 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், மழைக்காலத்தில் குவாம் காடுகளில் சிலந்தி வலைகள் அக்கம்பக்கத் தீவுகளைவிட 40 மடங்கு வரை அதிகம் என்று கண்டார்கள். சிலந்தியைத் தின்னவும் அதோடு இரைக்குப் போட்டி போடவும் பறவை இல்லை. காட்டில் நடப்பவர்கள் முன்னால் குச்சியை வீசிக்கொண்டே போக வேண்டுமாம். 2017-இல் வந்த இன்னோர் ஆய்வு, பழம் தின்று விதை பரப்பும் பறவைகள் போனதால் சில மர இனங்களில் புதிய கன்றுகள் முளைப்பது 61 முதல் 92 சதவீதம் வரை குறையக்கூடும் என்று கணக்கிட்டது. சிஹெக் பழம் தின்னாது, விதை பரப்பும் வேலை மற்ற பறவைகளுடையது. ஆனால் எல்லாப் பறவையையும் தின்றது ஒரே பாம்பு. இன்று நிற்கும் மரம் விழுந்தால் அந்த இடத்தில் எது வளரும்? நாளைக்கு உளுத்துப்போக வேண்டிய மரம் இன்றைக்கு முளைத்தாக வேண்டும் இல்லையா?

காய்ச்சல் மாத்திரையும் செத்த எலியும்

பாம்பை ஒழிக்க முயற்சி நடக்கிறது. நமக்குக் காய்ச்சல் வந்தால் போடும் பாராசிட்டமால் இந்தப் பாம்புக்கு விஷம். குழந்தைக்குக் கொடுக்கும் 80 மில்லிகிராம் அளவே போதும். இந்தப் பாம்பு செத்த இரையையும் தின்னும், எல்லாப் பாம்பும் அப்படிச் செய்வதில்லை. எனவே செத்த சுண்டெலிக்குள் மாத்திரையை வைத்து, கிளையில் சிக்கித் தொங்குவதற்காகக் காகிதத் துண்டோடு கட்டி, ஹெலிகாப்டரிலிருந்து காட்டின் மேல் போடுகிறார்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் பாம்பு குறைகிறது. வேலி அடைத்த பகுதிகளில் நன்றாகவே குறைகிறது. முழுத் தீவிலும் ஒழிப்பது என்பது வேறு கதை.

எச்சரிக்கையும் உண்டு. குவாமின் தென்கோடியில் கோக்கோஸ் என்று ஒரு குட்டித் தீவு. பாம்பு இல்லாத இடம் என்று நம்பி, சமோரோ மக்கள் கோகோ என்று அழைக்கும் பறக்காத பறவையை அங்கே விட்டிருந்தார்கள். 2020-இல் அங்கேயும் பழுப்பு மரப்பாம்பு கிடைத்தது. ஆனாலும் கோகோவின் கதை நம்பிக்கை தருவதுதான். அருகிலுள்ள ரோட்டா தீவிலும் அது குடியேறிப் பெருகியது. 2019-இல் "காட்டில் அற்றுப்போனது" என்ற பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். அப்படி மீண்ட பறவைகளில் கலிபோர்னியக் காண்டாருக்கு அடுத்தது, இரண்டாவது, அதுதான்.

சிஹெக்குக்கு அந்த வாய்ப்பு 2024 செப்டம்பரில் வந்தது. ஹவாய்க்குத் தெற்கே சுமார் 1,600 கிலோமீட்டரில் பால்மைரா என்ற பவளத்தீவு. பெயரைப் பார்த்துப் பனங்காடு என்று நினைத்துவிடாதீர்கள். 1802-இல் அங்கே ஒதுங்கிய ஒரு கப்பலின் பெயர் அது. அங்கே பாம்பு கிடையாது. எலிகளை 2011-இல் ஒழித்துவிட்டார்கள். பெருகிக் கிடந்த தென்னைகளைக் குறைத்துப் பழைய காட்டை மீட்கிறார்கள். அந்தப் பழைய காட்டின் பெரிய மரம் எது தெரியுமா? நம்ம லச்சகெட்ட கீரை மரம்தான்!

பூங்காக்களில் இட்ட முட்டைகளைச் சேகரித்து, கான்சாஸில் ஒரு பூங்காவில் குஞ்சுகளைக் கையால் ஊட்டி வளர்த்து, ஒன்பது இளம் சிஹெக்குகளைப் பால்மைராவுக்குக் கொண்டுபோனார்கள். சில நாள் கூண்டில் பழக்கிவிட்டுத் திறந்துவிட்டார்கள். 36 வருஷத்துக்குப் பிறகு கூரையில்லாத வானத்துக்குக் கீழே சிஹெக். அரணையும் மரமும் பார்த்தே இராத, மனிதக் கையால் வளர்ந்த குஞ்சுகள் தாமாகவே வேட்டை கற்றுக்கொண்டன. 2025-இல் ஜோடி சேர்ந்து முட்டையும் இட்டன.

இது வீடு திரும்பல் இல்லை. பால்மைரா சிஹெக்கின் ஊரே அல்ல, தற்காலிக முகாம் மாதிரி. வீடு என்றால் குவாம்தான், சமோரோ மக்களும் அதைத்தான் கேட்கிறார்கள். குவாமிலேயே சில சிஹெக்குகள் இருக்கின்றன, திரும்பக் கொண்டுவரப்பட்டு, கூண்டுக்குள். கம்பிக்கு வெளியே சில அடி தூரத்தில் அதன் சொந்தக் காடு. இந்த ஒரு காட்சி என் மனசில் நின்றுவிட்டது.

நண்பரிடம் இப்போது பதில் சொல்ல முடிகிறது. நூறு பறவை இருக்கிறது என்பது கால்வாசி வேலை. மீதி முக்கால்வாசி, எட்டு வாரம் ஒரு பொந்தை எதுவும் வந்து எட்டிப்பார்க்காத ஒரு காட்டை உண்டாக்குவது. மரம் நடுவதைவிடக் கஷ்டமான வேலை. ஏனென்றால் இங்கே கொண்டுவர வேண்டியது ஒன்று, வெளியேற்ற வேண்டியது லட்சக்கணக்கில்.

அக்காவுக்கும் பதில் சொன்னேன். "மீன்கொத்திக்கு மீன் முக்கியம் இல்லைக்கா, நிம்மதியா ஒரு பொந்து இருந்தா போதும்." அவர் கம்பியில் இருந்த பறவையை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். "அது சரி, இது எங்க முட்டையிடுது?" என்றார். தெருக்கோடியில் வீடு கட்டுவதற்காகத் தோண்டிப் பாதியில் விட்ட பள்ளம் ஒன்று இருக்கிறது. அதன் மண்சுவரில் ஒரு ஓட்டை பார்த்த ஞாபகம். இந்த மாதம் அந்த மனையில் மறுபடி வேலை தொடங்குகிறார்களாம். நாளைக்குக் காலையில் மேஸ்திரியைப் பார்த்துப் பேசவேண்டும்.